பாம்புக்குப் போட்ட ஏர்கோன்

எங்கள் வீட்டில் முதன்முதலாக ஏர்கோன் மாட்டியது ஒரு பாம்புக்காக. கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் ஒரே காற்றாடியின் கீழ் வேர்த்துக்கொண்டு படுக்கிறோம். ஜெராம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய மலிவு விலை வீடு. மத்தியான வெயிலில் சுவரைத் தொட்டால் கை சுடும். ஏர்கோன் வாங்கலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், "நாம என்னா தொரையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தத் துரை மரியாதை கடைசியில் ஒரு பாம்புக்குக் கிடைத்தது. நடு அறையை அதற்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாங்கள் பழையபடி காற்றாடியின் கீழேயே கிடந்தோம்.

வாங்கியவன் என் மகன். ஒரே பிள்ளை. பத்தாங் காலியில் இருக்கும் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து, பெர்மிட் எல்லாம் எடுத்து, வியட்நாமிலிருந்து தருவித்தான். நாலு அடி நீளம், வாழைக் குருத்துப் பச்சை, மூக்கு நுனியில் சின்னதாக ஒரு கொம்பு. விஷம் கிடையாதாம். அதைச் சொல்லும்போது, ஏதோ பாம்பு பட்டம் வாங்கியதுபோல அவன் முகத்தில் ஒரு பெருமை.

வந்து இறங்கிய அன்றைக்கு அதைப் பார்த்திருக்க வேண்டும். துணிப்பையை அவிழ்த்ததும் வாடிப்போன புடலங்காய் மாதிரி தொப்பென்று விழுந்தது. தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருந்தது. செதில்களுக்கு நடுவே மிளகுத்தூள் தூவினாற்போல் பூச்சிகள் ஊர்ந்தன. காட்டில் பிடித்து, எங்கெங்கோ அடைத்து வைத்து, தண்ணீர் காட்டாமல் கைமாற்றிக் கைமாற்றி அனுப்பியிருக்கிறார்கள். கூட்டாளியின் பங்குக்கு வந்தவை எல்லாம் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. இது மட்டும் பிழைத்தது. என் மகன் அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்தான், பூச்சி மருந்து தடவினான், அறையை இருட்டாக்கினான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் அப்பா இதில் கால்வாசி செய்திருந்தால் என் இடுப்பு இன்றைக்கு நேராக இருந்திருக்கும்.

எனக்குப் பாம்பு புதிதல்ல. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் லயத்துச் சாக்கடையில் வந்த நாகத்துக்கு யாரும் ஏர்கோன் போடவில்லை. அது எலி தின்றது, வெயிலில் காய்ந்தது, டிராக்டருக்கு அடியில் படுத்தது, மழை வந்தால் நனைந்தது. யாராவது கட்டையால் அடித்தால்தான் செத்தது. இந்த வியட்நாம் மகாராசாவோ வெயில் பட்டால் சாவார். தண்ணீர் தெளிக்காவிட்டால் தோல் உரியாது, அதிகமாகத் தெளித்தால் வயிற்றுப் பக்கம் புண் வரும். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டால் சாப்பாடு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவ்வளவு நோஞ்சான் ஜாதி அந்த மலையில் எப்படித்தான் வம்சம் வளர்த்ததோ என்று ஒருநாள் கேட்டேன். "மலையில அதை யாரும் டப்பால போட்டு ப்ளேன்ல ஏத்தலம்மா," என்றான் மகன். அவன் வாழ்நாளில் சொன்ன உருப்படியான வார்த்தைகளில் அது ஒன்று. ஆனால் டப்பாவில் போட்டு வரவழைத்தவனே அவன்தான்.

பிறகு அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. அங்கே வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை. அந்த ஊர்க்காரர்கள் விவரமானவர்கள்.

"மூணே மாசம்மா. அப்புறம் நான் ஏதாவது வழி பண்றேன்," என்றான்.

"என் தலையெழுத்து," என்றேன். அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அவன் போன அன்று சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்துக்கு, போன் அடித்தது. வீடியோ கால். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தேன். "அறைக்குப் போம்மா. கேமராவைத் திருப்பிக் காட்டு," என்றான். திருப்பிக் காட்டினேன். அறை நடுவில் அவன் நிறுத்தி வைத்திருந்த மரக்கிளையில் பாம்பு சுற்றிக்கொண்டு கிடந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். "தண்ணி மாத்துனியா? ஏர்கோன் எத்தனைல இருக்கு? சுவத்துல தெளிச்சியா?" என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். "ஓகேம்மா, நாளைக்குக் கூப்பிடுறேன் லா," என்று வைத்துவிட்டான்.

சொன்னபடியே மறுநாளும் கூப்பிட்டான். அதற்கு மறுநாளும். இது எங்கள் வீட்டில் நடக்காத அதிசயம். முன்பு ஜொகூரில் வேலை செய்தபோது அவன் போன் அடிப்பது பண்டிகைக்குப் பண்டிகை. எனக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கண்ணீர் விடும் மஞ்சள் மூஞ்சி ஒன்றை அனுப்பினான். ஒன்றுதான், இரண்டு கூட இல்லை. அப்படிப்பட்டவன் இப்போது மழை பெய்தாலும் ஓவர்டைம் இருந்தாலும் சாயங்காலம் தவறாமல் வந்தான். கேமரா பாம்பைப் பார்த்திருக்கும். அவன் முகம் எனக்குத் தெரியும், என் முகம் அவனுக்குத் தெரியாது. அவன் கன்னம் ஒட்டியிருக்கிறதா, சட்டை துவைத்ததா, பின்னால் சமையல்கட்டில் பாத்திரம் இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்வேன். எனக்கு அது போதுமாக இருந்தது.

இதை ஒளிக்க என்ன இருக்கிறது. அந்தப் பாம்பு உயிரோடு இருக்கும்வரை என் மகன் தினமும் கூப்பிடுவான், அது செத்த அன்றோடு அதுவும் நின்றுவிடும் என்று எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அதனால் அதைக் காப்பாற்றினேன். ஆனால் வாய் மட்டும் திட்டுவதை நிறுத்தவில்லை. "சனியன் நல்லாத்தான் இருக்கு," என்றுதான் ஒவ்வொரு நாளும் ஆரம்பிப்பேன். "பெத்த தாய்க்கு விசிறி, பாம்புக்கு ஏர்கோனு," என்பேன். அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவும் கொஞ்சம் கூடுதலாகத் திட்டியிருப்பேன்.

என் வேலை சுங்கை செம்பிலாங்கில், ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், கொட்டகையில் இறால் உரித்துத் தரம் பிரிப்பது. விடிவதற்குள் போனால் மத்தியானம் திரும்பிவிடலாம். வந்ததும் குளித்து, பாம்புக்குத் தண்ணீர் மாற்றி, சுவருக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை எலி. மகன் சின்னச் சின்ன வெள்ளை எலிகளை உறைய வைத்துப் பைபையாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஐஸ் பெட்டியில் கோழிக்குப் பக்கத்தில் எலி. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது என்பதால் பாம்பின் சாப்பாடு சனிக்கிழமைக்கு ஒதுக்கப்பட்டது. பழைய பால்மாவு டின்னில் சுடுதண்ணீர் ஊற்றி, எலியை அதில் போட்டு, உடம்புச் சூடு வந்ததும் இடுக்கியால் எடுத்துக் கிளையில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். நின்று பார்த்தால் சாப்பிடாது. புது மருமகள் மாதிரி, நாலு பேர் பார்க்கச் சோற்றில் கை வைக்காது. இதை மகன் சொல்லித் தரவில்லை. அவன் எலியை அதன் மூஞ்சிக்கு எதிரே ஆட்டச் சொன்னான். ஆட்டி ஆட்டி என் கை வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் அலுத்துப்போய் அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். காலையில் எலியைக் காணவில்லை.

என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வாழ்நாளில் அவர் அடித்த பாம்புகளை வரிசையாகப் போட்டால் கோல சிலாங்கூர் போய்ச் சேரலாம் என்று அவரே சொல்லிக்கொள்வார். இதைக் கண்டால் மட்டும் வாசற்படி தாண்ட மாட்டார். வாசலில் நின்று, "இருக்கா?" என்பார். "இருக்கு," என்றால் போய்விடுவார். எதிர்பார்த்துக் கேட்டாரா பயந்து கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது புரட்டாசி வந்தது. புரட்டாசி வந்தால் என் நாத்தனார் வருவார். என் வீட்டுக்காரரின் அக்கா, புக்கிட் செந்தோசாவில் இருக்கிறார். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்து பெருமாளுக்குத் தளிகை போடுவது அவர் ஏற்படுத்திக்கொண்ட உரிமை. மாதம் முழுக்க வீட்டில் கவிச்சி கூடாது. நான் எலிகளைக் கறுப்புப் பையில் சுற்றி, ஐஸ் பெட்டியின் அடித்தட்டில், ஐஸ்கட்டிகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். அந்த வாரம்தான் எனக்கு முன்பல் ஒன்று ஆடி, வீங்கி, கிளினிக்கில் பிடுங்கினார்கள். பல் வலியோடு சனிக்கிழமையும் வேலைக்குப் போனேன். தவுக்கேயிடம் அன்று இறால் அதிகம்.

திரும்பி வரும்போது வெளிக்கேட்டிலேயே சாம்பிராணி வாசம் அடித்தது. உள்ளே நாத்தனாரும் அக்கம்பக்கத்துப் பெண்கள் மூவரும் வாழை இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த பக்தியைப் பார்த்ததுமே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். தேங்காய்த் துருவல் தேட ஐஸ் பெட்டியைக் குடைந்த நாத்தனார் எலிகளைக் கண்டுபிடித்திருக்கிறார். புரட்டாசியில் பெருமாள் வீட்டில் செத்த எலி. அலறிக்கொண்டு எல்லாவற்றையும் குப்பையில் எறிந்துவிட்டு, தீட்டுக் கழிக்க ஐஸ் பெட்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவியிருக்கிறார். பிறகு, அந்தப் பாம்பு அப்படி என்னதான் லட்சணம் என்று பார்க்க நடு அறையைத் திறந்திருக்கிறார். அதுவரை அவர் எட்டிப் பார்த்ததில்லை. பச்சை நிறம், தலையில் கொம்பு, சனிக்கிழமை, புரட்டாசி. அவ்வளவுதான், அக்கம்பக்கத்துக்கு ஆள் போயிருக்கிறது.

"பெருமாளே ஆதிசேஷனை அனுப்பி வச்சிருக்காரு, இந்தப் புள்ளைக்கு மதிப்புத் தெரியல," என்றார் என்னைக் காட்டி.

நான் அறைக் கதவைத் திறந்தேன். புகை முகத்தில் அடித்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஏர்கோன் நின்றிருந்தது. மேற்கு வெயில் சுவரில் இறங்கி அறை அடுப்பாகக் கிடந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் பால், அதன் மேல் ஒரு செம்பருத்திப் பூ. பாம்பு கிளையிலிருந்து பாதி தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது.

"ஏர்கோனை யாரு அணைச்சது?"

"நான்தான். கற்பூரம் நிக்கவே மாட்டேங்குது, காத்துல அணைஞ்சி அணைஞ்சி போவுது. சேஷனுக்கு எதுக்குடி குளிரு? பாற்கடல்லயே கெடக்கிறவரு."

"அண்ணி, இது சேஷன் இல்ல. வியட்நாம்லேருந்து பார்சல்ல வந்தது."

"எங்கேருந்து வந்தா என்னா? பெருமாள் எங்கேயும்தான் இருப்பாரு."

இதற்கு மேல் வாதாட எந்த வக்கீலாலும் முடியாது. பாம்பு பால் குடிக்காது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். இருந்தாலும் பாம்பைக் கண்டால் பால் பாக்கெட்டைக் கிழிக்காமல் நம் ஜனங்களுக்குக் கை நிற்காது. ஆயிரம் தலையோடு உலகத்தையே தாங்குகிற சேஷன், ஒரு பிடி சாம்பிராணிக்கு இப்படி மூச்சு முட்டுவாரா என்று அந்த நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தளிகைச் சாதம் மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

கொட்டகையிலிருந்து நான் கொண்டுவந்திருந்த வெள்ளை மீன் பெட்டியில் ஈரத்துணி விரித்தேன். பாம்பை இரண்டு கையாலும் தூக்கி அதில் விட்டேன். அதற்கு முன்பு நான் அதைத் தொட்டதே இல்லை. ஐஸ் தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு மூலையில் வைத்தேன். ஒரேயடியாகக் குளிர வைத்தாலும் செத்துவிடும், அதுவும் ஒரு நோஞ்சான் சட்டம். பாம்பைத் தொட்ட பயமே தெரியவில்லை. சாயங்காலம் போன் அடிக்கும், அதற்கு என்ன காட்டுவது என்ற பயம்தான்.

பழைய படத்தை அனுப்பி, கரண்ட் இல்லை என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். போன் அடித்தபோது உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவன் முகம் செத்துப்போனதுபோல் ஆனது. பிறகு கிள்ளானில் பாம்பைத் தொடுகிற மிருக வைத்தியர் ஒருவரை அங்கிருந்தே தேடிப் பிடித்து, மறுநாள் காலையிலேயே பார்க்க ஏற்பாடு செய்தான். தாய்க்கு டெங்கி வந்தபோது இந்தச் சாமர்த்தியம் எங்கே போயிருந்தது என்று கேட்க வாய் வந்தது. பல் பிடுங்கின வாய் வலித்ததால் விட்டுவிட்டேன்.

வைத்தியர் சின்ன வயசுப் பெண். பாம்புக்கு உருப்படியாக வேலை செய்வது ஒரே ஒரு நுரையீரல்தான் என்றும், சூடும் புகையும் சேர்ந்து அதைக் கெடுத்துவிட்டன என்றும் சொன்னார். நாசியில் குமிழி வந்துகொண்டிருந்தது. ஊசி போட வேண்டும், வீட்டிலேயே, சில வாரத்துக்கு. "சாமி கும்பிட்டீங்களா?" என்று அவரே கேட்டார். எங்கள் ஆட்கள் அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது.

ஊசியை நான் போட்டேன். பிடித்துக்கொண்டது என் வீட்டுக்காரர். கோல சிலாங்கூர் வரைக்கும் பாம்பு அடித்தவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்தார். "போட்டாச்சா? போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பாம்பு சும்மாதான் கிடந்தது. ஊசி அவருக்குப் போட்டதுபோல் அவர்தான் வேர்த்து விறுவிறுத்தார்.

அந்த நாட்களில் மகன் காலையிலும் கூப்பிட்டான், மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலும் கூப்பிட்டான், சாயங்காலமும் கூப்பிட்டான். குமிழி வருகிறதா, தலை நிமிர்கிறதா என்று கேட்டான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பாம்பு நோயாகக் கிடந்த நாட்கள் எனக்கு நல்ல நாட்கள். கடைசியில் அது தலையைத் தூக்கியது. கிளையில் ஏறியது. மகன் பத்தாங் காலிக் கூட்டாளி மூலம் புதிதாக எலிப்பை அனுப்பி வைத்தான். புரட்டாசி இன்னும் முடியவில்லை. நான் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று, "விரதம் எனக்குத்தான், இதுக்கு இல்ல. நீங்க படுத்திருக்கிறதும் இதோட சொந்தக்காரன் மேலதான்," என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் டின்னில் சுடுதண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலை எலியைக் காணவில்லை. கிளைக்குக் கீழே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பாம்பு சாப்பிட்டதற்கு அழுத முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

தீபாவளிக்கு மகன் வந்தான். வந்ததும் பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேராக நடு அறைக்குப் போனான். முறுக்குத் தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். பாம்பைப் பார்த்துக்கொண்டே கடித்தான். "சூப்பரா வச்சிருக்கம்மா," என்றான். நான் வாய் நிறையச் சிரித்தேன். அவன் பாம்பின் வாயைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பிப் போகும் நாள் காலையில் பத்தாங் காலிக் கூட்டாளியின் காடி ஹாரன் அடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றது. இரண்டு பேரும் பாம்பை ஒரு பெட்டியில் அடைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"எங்கடா தூக்கிட்டுப் போறீங்க?"

"இவன் பாத்துக்குவான்மா. பத்தாங் காலி மலையடிவாரம், குளிரா இருக்கும். மூணு மாசம்னு சொன்னேன், எவ்ளோ மாசம் ஆச்சு. நீயும் தெனமும் சனியன் சனியன்னு திட்டிக்கிட்டே இருக்க. இனிமே உனக்குத் தொல்ல இல்ல. ஏர்கோன் நீயும் அப்பாவும் போட்டுக்குங்க. அதான் என் தீபாவளி பரிசு."

நல்ல மனசோடுதான் சொன்னான். முகத்தில் அவ்வளவு திருப்தி. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். இத்தனை மாதம் ஓயாமல் பேசிய வாய் அந்த நேரத்தில் ஒரு வார்த்தைக்கு உதவவில்லை. தன் பங்குப் பாம்பையெல்லாம் சாகடித்தவனிடமா கொடுக்கிறாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், பாம்பின் மேல் உனக்கென்ன அக்கறை என்று அவன் கேட்பான். அதற்குப் பதில் சொன்னால் நான் அழுதுவிடுவேன். "ஆமா, தொல்ல விட்டுச்சு," என்றேன். காடி போய்விட்டது.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டுப் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அடிக்கவில்லை. நானே கூப்பிட்டேன். "ஓவர்டைம்மா, அப்புறம் கூப்பிடுறேன்," என்றான். அந்த அப்புறம் வரவே இல்லை. என் வீட்டுக்காரர் நடு அறையில் பாயை விரித்து, ஏர்கோன் போட்டு, குறட்டை விட்டுத் தூங்கினார். "வா, வந்து படு, சொர்க்கம் மாதிரி இருக்கு," என்றார். எனக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஒருநாள், இறால் உரிக்கும் இடத்தில் கூட வேலை செய்யும் பெண் டிக்டாக் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனின் கூட்டாளி அதில் பாம்பு வீடியோ போடுவான் என்று கேள்விப்பட்டிருந்ததால், அவற்றைத் தேடிக்காட்டச் சொன்னேன். வட்ட விளக்கின் வெளிச்சத்தில், கழுத்தில் மாலை மாதிரி என் பாம்பைப் போட்டுக்கொண்டு அந்தப் பையன் ஆடிக்கொண்டிருந்தான். பாட்டு வேறு. பாம்பின் முதுகெலும்பு கோடு போட்டதுபோல் தெரிந்தது. தோல் பக்கவாட்டில் மடிந்திருந்தது. கதவுச் சத்தத்துக்கே சோறு வேண்டாம் என்கிற ஜென்மத்தை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைக் காடியை எடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நான் திரும்பவும் காத்தாடி கீழதானா," என்றார். சாவியை எடுத்துக்கொண்டார். மீன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஸ்தாரி ஜெயா வழியாகப் பத்தாங் காலி போனோம்.

அந்தப் பையன் வீட்டுப் பின்னறையில் அலமாரி அலமாரியாகப் பிளாஸ்டிக் இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. என் பாம்பு இருந்த பெட்டிக்கு மேலேயே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஆன்ட்டி, இது சாப்பிடவே மாட்டேங்குது லா. எல்லாம் ட்ரை பண்ணிட்டேன். எலியை மூஞ்சிக்கு நேரா ஆட்டிக்கூடப் பாத்துட்டேன்."

"ஆட்டுவ. ஏன் ஆட்ட மாட்ட? கழுத்துல போட்டு நீயும் ஆடுவ. உன் கல்யாணத்தன்னிக்கு ஊரே சுத்தி நின்னு லைட் அடிச்சா உனக்குச் சோறு எறங்குமா?"

"ஆன்ட்டி, அவன்கிட்ட கேக்காம..."

"அவன் என் மவன். நான் சொல்லிக்கிறேன். பெட்டியைத் தொற."

பையன் திறந்தான். அவனுக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும், இன்னொன்றைப் புதைக்க வேண்டாமே. தூக்கும்போது அதன் எடை எனக்குத் தெரிந்தது. வந்து இறங்கிய நாளின் புடலங்காய்க்குத் திரும்பியிருந்தது. வழியெல்லாம் அதைத் திட்டிக்கொண்டே வந்தேன். இப்படியா இளைப்பாய், உனக்கு ரோஷம் வேறா, எலி யார் கொடுத்தால் என்ன என்றெல்லாம் கேட்டேன். என் வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டார். சத்தம் அதற்கு ஆகாதே என்றார்.

மகனிடம் சொல்லவில்லை. கூட்டாளி சொல்லியிருப்பான், போன் அடித்தது, நான் எடுக்கவில்லை. முதலில் அது சாப்பிட வேண்டும். அறையைக் குளிர வைத்து, சுவருக்குத் தெளித்து, எலியைக் கிளையில் வைத்து, விளக்கை அணைத்து வெளியே வந்தேன். முதல் தடவை எலி அப்படியே கிடந்தது. அடுத்த தடவையும் அப்படியேதான். போன் தினமும் அடித்தது. நான் எடுக்காமல் இருப்பேன் என்று நானே நினைத்ததில்லை. செத்துப்போன பாம்பைக் காட்டத்தான் அதை எடுக்க வேண்டியிருக்குமோ என்று பயமாக இருந்தது. மூன்றாம் தடவை காலையில் கிளையில் எலியைக் காணவில்லை. பாம்பின் வயிற்றுப் பக்கம் சின்னதாக ஒரு வீக்கம்.

அன்று சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு அறைக்குள் போய் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். போன் அடித்ததும் எடுத்தேன்.

"ம்மா, ஏம்மா போனே எடுக்க மாட்டேங்குற? பாம்பு எங்க? உன் மூஞ்சிதான் தெரியுது. கேமராவைத் திருப்பும்மா."

"திருப்ப மாட்டேன்," என்றேன். "பாம்பு சாப்பிட்டுச்சு. தண்ணி மாத்தியாச்சு. ஏர்கோன் ஓடுது. அது நல்லாத்தான் இருக்கு. நான் எப்பிடி இருக்கேன்னு மொதல்ல பாரு."

அவன் சிரித்தான், நான் வழக்கம்போல் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பான். நான் சிரிக்கவில்லை. போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"முன் பல்லு என்னாச்சும்மா?"

"புரட்டாசியில புடுங்கினது. தீபாவளிக்கு நீ முறுக்கு கடிச்சிக்கிட்டு இருந்தப்ப பக்கத்துலதான் நின்னேன்."

அவன் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"வலிச்சுச்சாம்மா?" என்றான்.

"வலிச்சுச்சு," என்றேன். அதற்குப் பிறகுதான் கேமராவைத் திருப்பினேன்.